ஜூலி என்கிற செம்பியின் கட்டி

1
1996 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. பெசன்ட் நகரில் என் பக்கத்து வீட்டு ஆசிரியை ஃப்ளோரா, தம் நாயின் மூக்கில் வளர்ந்த கட்டியைக் கால்நடை மருத்துவர் சிதம்பரநாதனிடம் காட்டினார். உடன் நானும் இருந்தேன். கதை அங்கே பிறந்தது.

"கேன்சர்தான் டீச்சர். எந்த வகைன்னு மைக்ராஸ்கோப்புல பிடிபடலை. ஜீன் டெஸ்ட் பண்ற லேப் ஒண்ணு இருக்கு. கட்டியில ஒரு துண்டும் ரத்தமும் கேக்கறாங்க. மருந்துக்கு அடங்காத வகைன்னா, வலியில்லாம அனுப்பி வெச்சுடறதுதான் நல்லது."

2
"கடலின் மீது பொன்னிறக் கதிர்கள்—" என்று இந்தக் கதையைத் தொடங்கினேன். அன்று மேகமூட்டம். அடித்துவிட்டேன்.

"ஃப்ளோராவின் நாய் ஜூலி—" இதுவும் பிழை. பகலில்தான் அது ஃப்ளோராவுடையது. மாலையானால் ஊரூர் ஒல்காட் குப்பத்தில், மீன் விற்கும் தங்கபுஷ்பத்தின் படகடியில் படுக்கும். அங்கே அதன் பெயர் செம்பி.

ரத்தத்தை மருத்துவர் ஃப்ளோரா வீட்டில் எடுத்தார். ஊசிக்கு அஞ்சி நாய் குப்பத்துக்கு ஓடிவிட்டதால், கட்டித் துண்டை மறுநாள் அவருடைய உதவியாளர் வடிவேலு அங்கே சென்று எடுத்தார். ஒரு குப்பியில் 'ஜூலி', மற்றொன்றில் 'செம்பி'.

3
ஆய்வகம் தொலைபேசியில் சொன்னது: இவை இரு வேறு நாய்களுடையவை.

"குப்பத்துல வேற நாயைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்க!" என்றார் ஃப்ளோரா.

"இன்னா டீச்சர் பேசுறே? என் செம்பி மூக்கு எனக்குத் தெரியாதா? உன் வூட்டு ரத்தம்தான் யாருதோ!"

"நான்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்!"

"அப்போ இன்னொரு தபா எடு நைனா," என்று தங்கபுஷ்பம் மருத்துவரிடம் திரும்பினார். "ரெண்டு பேரும் புடிச்சுக்கினு நிக்கிறோம். எவ ஏமாத்துறான்னு பாத்துடலாம்."

[இவ்விடத்தில் வடிவேலுவைக் குற்றவாளியாக்கி ஒரு பத்தி எழுதினேன். விறுவிறுப்பாக இருந்தது, உண்மையாக இல்லை. நீக்கினேன்.]

மருத்துவர் ரத்தத்தையும் துண்டையும் ஒரே அமர்வில் தம் கையாலேயே எடுத்தார். ஆய்வகம் அதையே திருப்பிச் சொன்னது: இரு வேறு நாய்கள்.

4
மருத்துவர் தொலைபேசியை வைத்தார். பிறகு சிரித்தார்.

"யாரும் மாத்தலை. இந்தக் கட்டி இவளோட செல்லே இல்லை. வேற ஏதோ நாயோடது. ஒண்ணையொண்ணு மோந்து பாக்கும்போது அந்த செல் நாய்விட்டு நாய் ஒட்டிக்கிட்டு வளர்ற வகை. மருந்துக்குப் பெரும்பாலும் கரைஞ்சிடும்."

"இன்னாது, வாடகைக்கு இன்னொரு நாயா குடியிருக்குது உள்ளே? யாரு வூட்டுது அது?"

"இது முதல்ல வந்த நாய் செத்து எத்தனை காலமாச்சோ, யாருக்குத் தெரியும்?"

கேள்வி தங்கபுஷ்பத்துடையது, அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. உடல் அழிந்தபின்னும் நாய்விட்டு நாய் தாவி வாழும் அந்த முதல் நாய்க்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க முயன்றேன். "அது ஒரு—" நிறம் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. தெரியாததை எழுவாயாக வைத்து நான் வாக்கியம் அமைப்பதில்லை.

5
நாய் பிழைத்ததா என்று கேட்பீர்கள். இதை எழுதும் இன்று எனக்கும் தெரியாது. பிழைத்ததாக ஒரு முடிவும் இறந்ததாக ஒரு முடிவும் எழுதி, இரண்டையும் கிழித்தேன். வேண்டியதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தீர்மானிக்கப்பட்டது இவ்வளவே: நாயைக் கொல்வதில்லை. வாரம் ஒரு முறை புற்றுநோய் மருந்தை ஊசிவழி செலுத்துவது. மருந்தை ஃப்ளோரா வாங்கி வருவார். தங்கபுஷ்பம் தலையைப் பிடித்துக்கொள்வார். முதல் ஊசி வரும் திங்கட்கிழமை காலை, குப்பத்தில்.