எண்பத்துநாலு கிலோவுக்கு ஒரு பின் அக்சில்

“மாதாவே எண்டவன். அவ்வளவுதான், கண்ணை மூடிற்றான்.”

தம்பி கிறிகோரியின் கடைசி வார்த்தையை றோசமலர் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அற்புதமலர் கணவனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் அமர்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். மச்சாளின் வாயை அடைக்க அவளுக்கு ஆசைதான். அடைத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்றுதான் தெரியவில்லை. தம்பி செத்த நேரம் றோசமலர் ஊரின் மறு அந்தத்தில் தான் வேலை செய்கிற இத்தாலியச் சிஞ்ஞோராவின் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவள்.

செத்தவீட்டுக்கு வருகிற எங்கள் சனம் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்பது ஒன்றைத்தான்: கடைசியாக என்ன சொன்னவர்? யாழ்ப்பாணத்தில் என்றாலும் அதுதான், இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவின் மூன்றாம் மாடியில் என்றாலும் அதுதான். பதில் இல்லையென்றால், பக்கத்தில் இருந்து பார்க்காத மனுசி என்று பெண்சாதியின் தலையில் விடியும்.

கிறிகோரி வியாழக்கிழமை காலை தெருமுனை பாரில் இருக்கிற டெலிபோனில் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றார். கதைத்தபடியே சுவரில் சாய்ந்தார், அப்படியே வழுகி இருந்துவிட்டார். இருதயம். பார்க்காரன் ஓடிப்போன நேரம் ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்ததாம். இத்தனை வருடம் சோறு போட்டவளுக்குக் கிடைக்காத கடைசி வார்த்தை யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளின் காதுக்குள் போய்விட்டது. அற்புதமலரின் நெஞ்சை அறுத்தது அதுதான். அழுகைகூட வரவில்லை. அதையும் சனம் கவனித்துவைத்திருந்தது.

காரைப் பற்றிச் சொல்லாமல் கிறிகோரியைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் வேலை செய்த வீட்டு சிஞ்ஞோரா கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, செத்துப்போன தன் புருசனின் அமெரிக்கக் காரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். சிவப்பு நிறம், இரண்டே கதவு, முன்பக்கம் பாய் விரித்துப் படுக்கலாம். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளையாக வளர்ந்தது. ஆனால் சிஞ்ஞோராவின் புருசன், அந்தப் புண்ணியவான், இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு எட்டுச் சிலிண்டரைப் பூட்டியவர், பின் சில்லுகளைத் தாங்குகிற அக்சிலை மட்டும் பழையபடி விட்டுவிட்டார்.

“ஆனைக்குப் பூனையின்ர பின்னங்காலைப் பூட்டின மாதிரி,” என்பான் நகுலேஸ்வரன். கிறிகோரியின் சிநேகிதன். வயதில் குறைந்தவன், கராஜில் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பூனைக்கால் முறிந்தது. பலெர்மோவைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு முதன்முதலாக மனைவியை முன் சீற்றில் வைத்து ஏறினார் கிறிகோரி. மொந்தே பெல்லெக்ரீனோ மலைத் தெருவில் ஒரு முடக்கில் எஞ்சினை உறுமவிட்டதும், பின்னால் டமார் என்று ஒரு சத்தம். அக்சில் இரண்டு துண்டு. அன்றைக்குப் பார்த்து நம்முடைய சனம் முழுக்க, சைவமும் கத்தோலிக்க வேதமும் கலந்து, நடந்து மலையேறிக்கொண்டிருந்தது.

“மலரக்கா ஏறினா அமெரிக்காவும் முறியும்!” என்று எவனோ ஒரு குறுக்கால போவான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கிறிகோரி சிரிக்கவில்லை. அன்று பின்னேரம், வீட்டு முகட்டைப் பார்த்தபடி, ஏதோ மரக்கறி விலை கேட்கிறமாதிரிக் கேட்டார்.

“உனக்கு என்ன பாரம் இருக்கும்?”

“எண்பத்துநாலு,” என்றாள்.

பச்சைப் பொய். தொண்ணூற்றொன்று. ஆனால் அக்சிலை முறித்த பழியோடு நிற்கிற ஒருத்தி வேறு என்னத்தைச் சொல்வாள்?

அதோடு கிறிகோரி நேர்த்திக்கடன் வைத்தார். புது அக்சில் பூட்டி முதல் ஓட்டம் சாந்தா ரொசாலியாவிடம், முன் சீற்றில் மனுசி. எந்த அக்சில் என்பதில்தான் இரண்டு வருடம் போனது. இன்னொரு சிநேகிதர், மொரீசியஸ்காரர் செல்வெனுக்குத் தமிழில் வணக்கமும் தன் பெயரும்தான் தெரியும், ஆனால் அக்சில் என்றால் இத்தாலியனில் பிரசங்கமே வைப்பார். பந்தயக்காரர் பூட்டுகிற தடித்த அக்சிலை அமெரிக்காவிலிருந்தே எடுப்பிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு வீட்டை விற்கவேண்டும், வீடோ வாடகை வீடு. கத்தானியாப் பக்கம் அமெரிக்கச் சிப்பாய்கள் மோதி விட்டுவிட்டுப் போன ஜீப்புகளைப் பிரித்து விற்கிறான் ஒருவன், அந்த அக்சிலே போதும் என்பது நகுலேஸ்வரனின் கட்சி. கைக்கெட்டுகிற விலை, பலத்துக்கும் குறைவில்லை. ஒரே ஒரு குறை, இந்தக் காருக்கு மூன்று விரல் அகலம் கூட. ஒரு பக்கக் குழாயை வெட்டி ஒட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் அற்புதமலரின் குசினியில் இருந்து சண்டை பிடித்தார்கள். அவள் றோல்ஸ் பொரித்துப் போட்டாள். கிறிகோரி இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

இப்போது அவர் தலையாட்டாமல் படுத்திருக்கிறார். நேர்த்தி அப்படியே நிற்கிறது.

வெள்ளிக்கிழமை முற்பகல், செபமாலையின் நடுவில், திறந்து கிடந்த வாசலால் இரண்டு இத்தாலியர் மூச்சு வாங்க வந்தார்கள். கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்று அவர்கள் தோளில் இருந்தது.

“ஐயோ, இன்னொண்டோ!” என்று ஒரு கிழவி சிலுவை போட்டாள்.

வேறு இடம் இல்லாததால் அதைச் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். கம்பளி விலகியது. நடுவில் பூசணிக்காய் பருமனில் உருண்டு, இரண்டு பக்கமும் குழாய் நீண்டு, எண்ணெய் மணக்க மணக்க ஒரு பின் அக்சில் கிடந்தது. நகுலேஸ்வரன் துக்கத்தை மறந்து எழும்பிவிட்டான். செல்வென் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

இருவரில் மூத்தவன் நெற்றியைத் துடைத்தான். கத்தானியா தூரி அவன்தான், ஜீப்புகளைப் பிரித்து விற்கிறவன்.

“கிறிகோரி எங்கே?”

எல்லோரும் பெட்டியைக் காட்டினார்கள்.

தூரி தொப்பியைக் கழற்றினான். “நேற்றுக் காலையில்தானே என்னோடு கதைத்தார்!”

அருள் நிறைந்த மரியாயே பாதியில் நின்றது. அற்புதமலர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

“உங்களோடா?” என்று இத்தாலியனில் கேட்டாள். “என்ன சொன்னார்? கடைசியாக என்ன சொன்னார்?”

தூரி பெண்களைப் பார்த்தான், தொப்பியைத் திருகினான்.

“ஜீப்பின் அக்சிலையே நாளைக்குக் கொண்டு வா என்றார். பிறகு, மனைவி முன் சீற்றில் இருப்பாள், எண்பத்துநாலு கிலோ, மலையில் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். பிறகு சத்தமில்லை. டெலிபோன் கார்ட் முடிந்துபோயிற்றாக்கும் என்று நினைத்துவிட்டேன், சிஞ்ஞோரா.”

பலெர்மோவில் வீட்டு வேலை செய்து பிழைக்கிற சனம். இத்தாலியன் விளங்காதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை, அதுதான் கேடு. யாரோ இருமினார்கள். ஒருத்தி செபமாலையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

“மாதாவே,” என்றாள் றோசமலர், இந்த முறை உண்மையாகவே.

அற்புதமலருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் உடைந்து அழுகையாகியது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு புருசனை ஏசினாள்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கதையை ஆரோ பிறத்தியானுக்குச் சொல்லிப்போட்டோ போனனீங்கள்? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ? ரெண்டு வரியமா உதையோ யோசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?”

நன்றாக, சத்தமாக, சனம் திருப்திப்படும்படி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நகுலேஸ் தம்பி, உதை இண்டைக்குப் பூட்டேலுமோ?”

“அக்கா, அது மூண்டு விரல் கூட. வெட்டி ஒட்டுறதெண்டா ஒரு கிழமை வேணும்.”

“வெட்டாமல் பூட்டினா?”

“சில்லு ரெண்டும் வெளியாலை தள்ளிக்கொண்டு நிக்கும்.”

“நிண்டா நிக்கட்டும். நாளைக்குக் காலமை நான் மலைக்குப் போறன்.”

றோசமலர் பாய்ந்து வந்தாள். “அடக்கம் முடியாமல் பெண்சாதி வாசல் தாண்டக் கூடாது, மலர்!”

“நேர்த்தி முடியாமல் அவர் தாண்டலாமோ, மச்சாள்?”



மத்தியானத்துக்குப் பிறகு செத்தவீட்டில் ஆம்பிளைகள் குறையத் தொடங்கினார்கள். ஒருவன் சிகரெட் பிடிக்கப் போனான், ஒருவன் சோடா வாங்கப் போனான், எவனும் திரும்பவில்லை. சுவாமியார் வந்தபோது பெட்டியைச் சுற்றிப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள்.

“ஆண்கள் எங்கே?”

“அவருக்காகத்தான், ஃபாதர்,” என்றாள் அற்புதமலர். அது பொய்யில்லை.

அவர்கள் பின்னேரம் திரும்பியபோது வெள்ளைச் சேர்ட்டுகள் எல்லாம் கிறீஸ். கீழ்த் தெரு இரும்புப் பட்டறையில் அக்சிலைக் காரோடு பொருத்த வெல்டிங் நடந்ததாம். அமெரிக்கா, அமெரிக்கா என்று இரண்டு வருடம் கத்திய செல்வென்தான் காருக்குக் கீழே கடைசிவரை கிடந்தாராம். தேவாரம் பாடுகிற நகுலேஸ்வரன் கறுத்த கையோடேயே பெட்டிக்கு முன் முழந்தாளிட்டான்.

சனிக்கிழமை காலை அவள் வாசலைத் தாண்டினாள். சிவப்புக் கார் பின் சில்லுகளை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு, அகட்டி நின்ற நண்டு மாதிரித் தெருவை அடைத்து நின்றது. அயல் முழுக்க பல்கனியில் நின்றது. நகுலேஸ்வரன் ஓட்ட, அவள் கறுப்புச் சேலையோடு முன் சீற்றில் ஏற, பின் சீற்றில் தூரி காதைக் காரின் தரைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் குனிந்திருந்தான். தான் விற்ற சாமானின் சத்தத்தைத் தான் கேட்கவேண்டுமாம்.

மலை ஏறத் தொடங்கியதும் அவள் கணக்குப் பார்த்தாள். எண்பத்துநாலுக்குத்தானே மனுசன் கேட்டவர். மிச்சம் ஏழு கிலோ? அக்சில் இன்றைக்கும் முறிந்தால், செத்த மனிதனின் கடைசிக் கணக்கையும் பிழையாக்கியவள் என்றல்லவா ஆகும்? அந்த முடக்குத் தெரிந்தது. எஞ்சின் உறுமியது.

“நிப்பாட்டு, தம்பி! நிப்பாட்டு!” என்று கத்தினாள். பின்பக்கம் திரும்பி இத்தாலியனில் ஒப்புக்கொண்டாள். “நான் எண்பத்துநாலு இல்லை. தொண்ணூற்றொன்று. அவருக்குப் பொய் சொல்லிவிட்டேன். நான் இறங்கி நடக்கிறேன்.”

தூரி தலையை நிமிர்த்தவே இல்லை.

“தெரியும், சிஞ்ஞோரா. எண்பத்துநாலு என்று சொல்லுவாள், நீ தொண்ணூற்றைந்து என்று கணக்குப் பார், அவளுக்குத் தெரியவேண்டாம் என்றார். அதுதான் உண்மையில் கடைசி. அங்கே இத்தனை பெண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?”

நகுலேஸ்வரன் நிறுத்தவில்லை. கார் முடக்கை எடுத்தது, அகட்டிய சில்லுகளால் தெரு முழுவதையும் பிடித்துக்கொண்டு எடுத்தது. பின்னாலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சாந்தா ரொசாலியாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு அவள் வீடு திரும்பியபோது, அடக்கத்துக்குப் பெட்டியை மூட ஆள் வந்து நின்றது. மெஸ்ஸினாவிலிருந்து முதல் ரயிலில் வந்த மொனிகா, கிறிகோரியின் ஒன்றுவிட்ட தங்கச்சி, மூச்சிரைக்க வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணை கடைசியா என்ன சொன்னவர், அண்ணி?”

றோசமலர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். மூலையில் யாரோ மெல்ல, “எண்பத்துநாலு,” என்றார்கள். ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது.

“இல்லை,” என்றாள் அற்புதமலர், எல்லோருக்கும் கேட்கும்படி. “தொண்ணூற்றைஞ்சு எண்டவர்.”

போய்த் தன் கதிரையில் இருந்தாள். கதிரை கிறீச்சிட்டது. அவள் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.