மலைக்கு அந்தப் பக்கத்துச் சாப்பாடு

குணபாலனின் ராத்திரிச் சாப்பாடு எட்டு நிமிஷம். ராத்திரிச் சாப்பாடு என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். அவர் வீட்டில் அது சாயங்காலம் ஐந்து மணிக்கே முடிந்துவிடும். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. அதில் அவர் மனைவி கனகலதாவுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவளும் அப்படியே வளர்ந்தவள்தான். அவளுக்குச் சண்டையெல்லாம் மலையோடுதான்.

வீடு அண்ணாமலை அடிவாரத்தில், வேங்கிக்காலில். மொட்டை மாடியில் நின்றால் தென்மேற்கே மலை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் குறி பார்த்தமாதிரி அதன் பின்னால்தான் போய் இறங்கும். காலண்டரில் அஸ்தமனம் ஆறு ஐந்து என்று போட்டிருக்கும். மலையோ ஐந்து இருபதுக்கே சூரியனை விழுங்கிவிடும். "கண்ணால பாக்கற வரைக்கும்தான் சூரியன்" என்பது குணபாலன் குடும்பத்தின் பழைய சட்டம். அந்தச் சட்டத்தை மலை இல்லாத ஊரில் போட்டிருக்கிறார்கள். கணக்கு வாத்தியாராக முப்பது வருஷம் இருந்தவருக்கு இந்த முக்கால் மணி நேர நஷ்டம் தெரியாமல் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்பார்.

அதனால் அவர் ஒரு கண்ணை இலையிலும் ஒரு கண்ணை ஜன்னலிலும் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பேச்சு கிடையாது. ரசம் நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் தலை மட்டும் ஆடும், அதுவும் எந்தப் பக்கம் ஆடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கனகலதா கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். வீட்டிலிருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம்தான். ஆனால் ஐந்தே முக்காலுக்குத்தான் விடுவார்கள். எனவே ஐந்து மணிக்குப் பட்டா மாறுதல் ஃபைல்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, டப்பாவைத் திறந்து ஆறின உப்புமாவைத் தின்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சூடாகச் சமைத்து அவருக்குப் பரிமாறி முடிக்கும்போது மலை தன் வேலையை முடித்திருக்கும். கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம். ஒரு சாயங்காலமாவது அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு. பெரிய ஆசை இல்லை. அதனால்தானோ என்னவோ யாரிடமும் சொன்னதில்லை.

போன ஜூன் மாதம் அந்த ஆசை நிறைவேறியது, பின்லாந்தில். மகன் நவீன் அந்த நாட்டின் வடக்கே ஒரு ஊரில் வேலையில் இருக்கிறான். அம்மாவையும் அப்பாவையும் மூன்று வாரத்துக்கு அழைத்திருந்தான். முதல் நாள் குணபாலன் பழக்கப்படி ஐந்து மணிக்குச் சாப்பிட்டு எழுந்தார். ஒன்பது மணிக்கு வயிறு கூப்பிட்டது. திரையை விலக்கிப் பார்த்தார். வெளியே நம் ஊர் மூன்று மணி வெயில்.

"எப்பதாண்டா விழும் இது?" என்று மகனைக் கேட்டார்.

"பன்னெண்டு மணிக்குப்பா. ரெண்டு மணிக்கெல்லாம் திரும்ப வந்துடும்."

குணபாலன் இன்னொரு தடவை வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டார். அந்த மூன்று வாரமும் மனுஷன் தினம் இரண்டு தடவை சாப்பிட்டார் என்றால் அது குறைத்துச் சொல்வதுதான்.

அங்கே ஒரு ஏரிக்கரையில் நவீனின் நண்பர்கள் மர வீடு வைத்திருந்தார்கள். கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறை சேராத சீஸ்தான் வேண்டும் என்று நவீன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். அவர்கள் முள்செடிப் பூவிலிருந்து எடுத்த உறையை ஊற்றி, தட்டையாக, வட்டமாக ஒரு சீஸ் செய்திருந்தார்கள். அதை நெருப்பில் வாட்டினார்கள். மேலே தோசைமாதிரி பழுப்புப் புள்ளிகள் வந்ததும் துண்டுபோட்டு, மஞ்சள் நிறப் பழப்பாகு ஊற்றிக் கொடுத்தார்கள். கடித்தால் பல்லுக்கு நடுவே கீச்சென்று சத்தம் போட்டது. கனகலதா பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். குணபாலனும் கடித்தார், கீச். அந்த வீட்டு அம்மாள் கடித்தாள், கீச். எல்லோரும் சிரித்தார்கள்.

மணி பதினொன்று. வெயில் தண்ணீரில் படுத்திருந்தது. அவசரம் என்பதே இல்லை. குணபாலன் பேச ஆரம்பித்தார். ஆறாம் வகுப்பில் கணக்கில் பெயில் ஆனதை, அதை மறைக்க வைக்கோல் போரில் ஒளிந்துகொண்டதை, அங்கேயே தூங்கிப்போனவரை ஊரே லாந்தரோடு தேடியதை எல்லாம் சொன்னார். கணக்கு வாத்தியார் கணக்கில் பெயிலான சங்கதி அவர் பெண்டாட்டிக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவள் ஆறு துண்டு சாப்பிட்டாள். இவ்வளவு நல்ல மனுஷனை முப்பத்திநாலு வருஷமாக எட்டு எட்டு நிமிஷமாகத்தானே பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊருக்குத் திரும்பினார்கள். கனகலதா ரிட்டையர் ஆனாள். இனிமேல் தினமும் பின்லாந்துதான் என்று நினைத்திருந்தாள். மழைக்காலம் முடிந்து மார்கழி பிறந்ததும் குணபாலன் பழையபடி ஒரு கண்ணை ஜன்னலில் வைத்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவார்.

அந்த சீஸையே செய்துவிடுவது என்று அவள் முடிவு கட்டினாள். அது தட்டில் இருந்தால் அவர் வாய் தானாகப் பேசும் என்று நம்பினாள். நவீன் கொடுத்தனுப்பிய உறைமருந்து பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்தது. முதல் தடவை பால் திரளவே இல்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. நவீனுக்கு போன் போட்டாள்.

"பாலைக் காய்ச்சினியாம்மா?"

"பின்ன? பச்சைப் பாலையா ஊத்துவாங்க?"

"காய்ச்சக்கூடாதும்மா. வெதுவெதுப்புக்கு மேல போனா அது தெரளாது."

பால் வீட்டுக்குள் வந்தால் முதலில் பொங்க வைக்கவேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும், அவளைக் கேட்காமலே அது செய்துவிடும். இரண்டு தடவையும் கைதான் கெடுத்தது. மூன்றாவது தடவை பால்காரர் வேணுவிடம் ஐந்து லிட்டர் பச்சைப் பால் வாங்கினாள். அது தை மாதத்து முதல் ஞாயிறு. பாலை லேசாகச் சூடு காட்டி, அது பொங்கவைத்துவிடாதபடி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பிறகு உறையை ஊற்றினாள். தைக்குளிரில் பால் திரள நேரம் பிடித்தது. மூன்று மணிக்குத்தான் கட்டிப்பட்டது. துணியில் வடித்து, தட்டில் வட்டமாக அழுத்தி, அம்மிக் குழவியை மேலே ஏற்றினாள். நெல்லிக்காயை வெல்லத்தில் போட்டுப் பாகு காய்ச்சினாள். தோசைக்கல்லில் சீஸைப் போட்டபோது மணி ஐந்து பத்து. ஒரு பக்கம் சிவந்தது. திருப்பிப் போடக் கரண்டியை எடுத்தாள்.

"கனகா, சூரியன் போயிடுச்சி," என்றார் குணபாலன் ஜன்னலிலிருந்து.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மலையின் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் இருந்தது. குணபாலன் முகத்திலும் ஏமாற்றம்தான். மூன்று மணியிலிருந்து அவரும் அந்த வாசனையை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்.

"நாளைக்குக் காலையில சாப்பிடலாம்," என்றார். "எங்க போயிடப் போவுது."

கனகலதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீஸ் எங்கேயும் போகாது. போவது இந்தச் சாயங்காலம். சட்டென்று அவளுக்குக் கோபமும் வந்தது, கோபத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

"சூரியன் எங்கியும் போவல. மலைக்குப் பின்னாடி நிக்குது. நீங்க கண்ணால பாக்கணும், அவ்ளோதான?"

"ஆமா."

"அப்ப செருப்ப மாட்டுங்க."

தோசைக்கல்லைச் சீஸோடு கனத்த துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். நெல்லிப்பாகையும் தட்டுகளையும் பையில் போட்டு ஸ்கூட்டியில் மாட்டினாள். குணபாலன் சைக்கிளோடு நின்றுவிட்டவர், ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. பின்னால் ஏறி உட்கார்ந்து, சூடான கல்லை மடியில் அணைத்துக்கொண்டார். கிரிவலப் பாதையில் எல்லோரும் வருகிற திசைக்கு எதிர்த்திசையில் கனகலதா வண்டியை விரட்டினாள். நடந்து வந்தவர்களில் ஒருவர், "எதிர்ல போறீங்கம்மா," என்று அக்கறையாகச் சொன்னார். அவர் நின்ற இடத்தில் இன்னும் நிழல்தான்.

"தொடை சுடுது கனகா."

"இன்னும் அஞ்சு நிமிஷம். பொறுத்துக்கங்க."

ஒரு வளைவு திரும்பினார்கள். முகத்தில் பொளேரென்று வெயில் அடித்தது. மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை வயல்களுக்கு மேலே, முழுசாக, மஞ்சளாக, ஒரு குறையும் இல்லாமல் சூரியன் இருந்தது. குணபாலன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பு வண்டியையே ஆட்டியது. வீட்டில் காணாமல் போன முக்கால் மணி நேரத்தில் பாதியாவது இங்கே பத்திரமாக இருந்தது.

ரோட்டோரம் உண்ணாமலை என்கிற பெண்மணியின் இட்லிக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் வரவில்லை. கனகலதா விஷயத்தைச் சொன்னாள்.

"பத்து நிமிஷம் அடுப்பு மட்டும் குடுங்கம்மா. கல்லு எங்களதே இருக்குது."

"அதுக்கென்னா, வைங்க," என்று தன் கல்லை இறக்கி வைத்த உண்ணாமலை, துண்டைப் பிரித்ததும் எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, அடையா?"

"பால்கட்டி. சீஸு."

"நல்லாத்தான் கீது."

மறுபக்கமும் சிவந்தது. கனகலதா துண்டுபோட்டு நெல்லிப்பாகை ஊற்றி முதல் தட்டைக் கணவரிடம் நீட்டினாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடித்தார்.

கீச்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகலதாவுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. உண்ணாமலைக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அவள் கடித்துவிட்டு, "எலி பூந்துகிட்ட மாதிரி கத்துது," என்று சிரித்து இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். குணபாலன் பேச்சை ஆரம்பித்துவிட்டார். அந்த ஏரியைப் பற்றி, அங்கே வாங்கி இரண்டே நாளில் தொலைத்த தொப்பியைப் பற்றிச் சொன்னார். கனகலதா கேட்டுக்கொண்டே அவர் தட்டில் அடுத்த துண்டை வைத்தாள். அதற்கடுத்ததைக் கல்லில் சூடு பண்ணினாள்.

"நீ சாப்புடலையாம்மா?" என்றாள் உண்ணாமலை.

"அவரு முடிக்கட்டும்."

"அதுக்குள்ள பொழுது பூடுமே. நீயும் பொழுது சாஞ்சா சாப்ட மாட்டேன்னுதான சொன்ன?"

கனகலதா கல்லிலிருந்த துண்டைத் திருப்பிப் போட்டாள். குணபாலனின் பேச்சு நின்றுவிட்டது. கணக்கு வாத்தியார் மனசுக்குள் ஏதோ கூட்டுகிறார் என்பது அவர் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது.

"கனகா," என்றார். "ஞாயித்துக்கெழமையில எனக்குப் போட்டுட்டு, நீ எப்ப சாப்டுவ?"

"பொழுது இருந்தா சாப்டுவேன்."

"இல்லன்னா?"

"காலையில."

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆபீசில் தேதி கேட்டால் தேதி சொல்கிறமாதிரி சொன்னாள்.

குணபாலன் தட்டைப் பெஞ்சில் வைத்தார். அதில் இன்னும் ஒன்றரைத் துண்டு மிச்சம் இருந்தது. எழுந்து வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். சமையலறையில் கரண்டியைத் தொட்டே அறியாத மனுஷன். கல்லிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக, ஒன்று உடைய ஒன்று மடங்க, புதுத்தட்டில் எடுத்து வைத்தார். பாகை ஊற்றினார், கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஊற்றினார். அவளைத் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்துத் தட்டை மடியில் வைத்தார்.

"உங்களுக்கு இன்னும் இருக்குதுங்க. நீங்க மொதல்ல..."

"எனக்குப் போதும். நீ சாப்பிடு."

பிறகு அவர் ரோட்டோரம் போய் மேற்கே பார்த்து நின்றுகொண்டார். கையை நீட்டி, சூரியனுக்கும் வயலோரத்துப் பனைமரங்களுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார்.

"ரெண்டு வெரல் இருக்குது. பதினஞ்சு நிமிஷம் வரும். அவசரமே இல்ல."

கனகலதா ஒரு துண்டைக் கடித்தாள். சூடாக இருந்தது. நாக்கில் பாகின் புளிப்பும் இனிப்பும் ஒன்றாக வந்தன. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே மென்றாள். சாப்பிடும்போது அவள் கண் தன்னாலே வானத்துப் பக்கம் போனது.

"நீ அங்க பாக்காத," என்றார் குணபாலன் திரும்பாமலே. "சூரியன நான் பாத்துக்கறேன்."

அவள் குனிந்து அடுத்த துண்டை எடுத்துக்கொண்டாள்.