மூலை அறையில் யாரும் இல்லை

கீவா நகரத்துப் பழைய உள்கோட்டையில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் நான். படம் எடுக்க வருகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. கோபுரத்தை எடுப்பார்கள், தந்தூரில் ரொட்டி சுடும் என்னை எடுப்பார்கள், சூப்பைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அல்மாத்தியிலிருந்து வந்த மெய்ராம் என்கிற கசாக் பையன் அப்படி இல்லை. பெட்டியை இறக்கியதும், "கூரைக்கு ஏணி இருக்கா அக்கா?" என்றுதான் கேட்டான். அப்போதே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

என் தம்பி மனைவி அனாஜானுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாற்பது நாள் முடியாத பச்சைப் பிள்ளையை அந்நியர் கண்ணில் காட்டுவோமா? அதுவும் கேமராவின் கண்ணில்? தம்பி தூர தேசத்தில், கசானில் கட்டட வேலை பார்க்கிறான். "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தாயையும் பிள்ளையையும் முற்றத்து மூலை அறையில் வைத்து, ஜன்னலை இறுக்கி மூடித் திரை போட்டு, நிலக்கரி அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன். அழுகை கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சாதித்துவிடுவேன்.

பனி கொட்டி ஓய்ந்த காலையில் மெய்ராம் கூரையிலிருந்து இறங்கி வந்தான்.

"அக்கா, அந்த மூலை ரூம்ல யாரும் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. "யாரும் இல்ல. உடைஞ்ச சாமான் கிடக்கு. உனக்கெதுக்கு அது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற மூஞ்சியா அது? திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே பார்த்தான். எதையோ மோப்பம் பிடித்துவிட்டான்.

மதியம் அறைக்குள் போனால் அனாஜான் சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"தலை பிளக்குது அண்ணி. குமட்டிக்கிட்டே இருக்கு."

"பிள்ளை பால் குடிச்சானா?"

"எழுப்புறேன், எழுப்புறேன், கண்ணே திறக்க மாட்டேங்கிறான்."

கண் பட்டுவிட்டது! சந்தேகமே இல்லை, இது அந்தக் கேமராக்காரன் வேலைதான். கண்ணேறு கழிக்க அன்றாடம் புகைபோடும் இஸிரிக் செடியை வாணலியில் போட்டுக் கொளுத்தி, தொட்டிலை மூன்று சுற்றுச் சுற்றினேன். கதவை இழுத்துச் சாத்திவிட்டு நேரே அவனிடம் போனேன். சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்ல எடுத்த படம் எல்லாத்தையும் காட்டு. ஒண்ணை மறைச்சாலும் உன் பெட்டி தெருவுல கிடக்கும்."

"என்னக்கா ஆச்சு?"

"காட்டுடா!"

பயந்துபோய்க் காட்டினான். நான் தேடிய ஜன்னலும் இல்லை, தொட்டிலும் இல்லை. எல்லாம் கூரைகள். வெள்ளை வெளேரென்ற கூரைகளிலிருந்து வீட்டுக்கு வீடு புகை எழும்பிக்கொண்டிருந்தது. என் கூரையும் இருந்தது. சமையலறைப் புகைக்குழாயில் புகை. அறைக் குழாய்களில் புகை. மூலை அறைக் குழாயின் தலையில் மட்டும் பனி உருகாமல் அப்படியே குந்தியிருந்தது. அதிலிருந்து புகை ஒரு இழைகூட வரவில்லை.

"இதைப் பாத்துதான் கேட்டேன்க்கா. எல்லாத்துலயும் புகை வருது, இதுல மட்டும் வரல. ஆள் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

அந்த அடுப்பில் விடியற்காலையில் கரி போட்டது நான். அப்படியென்றால் புகை எங்கே போயிற்று? இரண்டு நாளாக அறையில் வாடை அடித்ததை இஸிரிக் வாடை என்றல்லவா நினைத்தேன்! குளிர்காலம் வந்தால் எங்கள் ஊரில் குழாய் அடைத்த அடுப்பின் கரிவாயு குடும்பத்தோடு ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோகும். தெரியாதவளா நான்?

ஓடினேன். அவனும் பின்னாலேயே ஓடிவந்தான். கதவைத் தள்ளி, ஜன்னல் கண்ணாடியைக் கரிவாளியால் உடைத்தேன். அவன் அனாஜானைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்து தன் கோட்டைப் போர்த்தினான். நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு பனியில் நின்றேன். தலை துவண்டு என் கையில் தொங்கியது. தம்பிக்கு என்ன பதில் சொல்வேன்? கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன், பெயர் சொல்லிக் கத்தினேன்.

மெய்ராம் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தான், சுவரைப் பார்த்தபடி.

"ஏன்டா அங்க திரும்பி நிக்கிற?"

"ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னா நாற்பது நாள் ஆகலைல்ல அக்கா? எங்க ஊர்லயும் அப்படித்தான். நான் பாக்கல."

அனாஜான் இருமினாள். பிறகு என் கைக்குள் ஓர் உதறல். பிள்ளை வாயைத் திறந்து, தெருவே கேட்கும்படி வீறிட்டான்.

பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துணியை விலக்கி அவன் முகத்தை வெளியே காட்டினேன்.

"திரும்பு தம்பி. நல்லாப் பாரு. அந்த ரூம்ல யாரும் இல்லன்னு சொன்னேன்ல? இவன்தான்."