பின்சீட்டுப் பேச்சு

என் மகன் ரமீரோ ஒரு கல்லுளிமங்கன். சாப்பாட்டு மேசையில் ஏதாவது கேட்டால் "ம்". அறைக் கதவைத் தட்டினால் "என்ன?" பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால் "ஒண்ணுமில்ல". ஆனால் அவனைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டால் போதும், யாருமே கேட்காமல் பேச ஆரம்பித்துவிடுவான்.

இதை நான் கண்டுபிடித்தது அவனுடைய ஒன்பதாவது வயதில். டெக்சாஸில் டல்லாஸுக்குத் தெற்கே என்னிஸ் எங்கள் ஊர். அவனைச் சேர்த்துக்கொண்ட கால்பந்து அகாடமியோ டல்லாஸுக்கு வடக்கே. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. மூன்றரைக்கு அங்கிருந்து கிளம்பி, பள்ளி வாசலில் இவனை அள்ளிப் போட்டுக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன நெரிசலுக்குள் நுழைந்து போவேன். திரும்பி வரும்போது இருட்டிவிடும். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. காலுறை, ஷூ எல்லாம் மாற்ற வசதியாக இருக்கும் என்று பின்சீட்டில் ஏறினவன், ஆளாகி மீசை முளைத்த பிறகும் முன்னால் வரவே இல்லை. "உன்னைப் பாத்தா டாக்ஸி ஓட்டுறவன்னு நெனைப்பாங்கடி" என்று என் கணவர் ஹெக்டர் கிண்டல் செய்வார். நினைத்துவிட்டுப் போகட்டும். என் பிடரியைப் பார்த்தால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும்.

அதற்கு நானாகவே சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டேன். அவன் வாய் திறந்ததும் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பதிலும் உடனே சொல்ல மாட்டேன். என்னிஸுக்குள் வந்து, வீடு நெருங்கியும் அவன் பேசி முடிக்கவில்லை என்றால் வீட்டுக்குள் வண்டியைத் திருப்பாமல் தாண்டிப் போய், தேவாலயத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் அடிப்பேன். அவன் கேட்டதில்லை, நானும் சொல்லிக்காட்டியதில்லை. ஆட்டத்தில் இறக்காமல் அவனை வெளியே உட்காரவைத்த அன்று அழுததும், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும், ஐரோப்பாவுக்குப் போய் ஆடணும்னு ஆசையா இருக்கும்மா என்று முதல்முறை சொன்னதும் எல்லாம் அந்தப் பின்சீட்டில்தான்.

பதினெட்டு முடியாத வெளிநாட்டுப் பையனை ஐரோப்பியக் கிளப்புகள் எடுக்க முடியாது. அங்கே ஏதாவது ஒரு நாட்டின் பாஸ்போர்ட் இருந்தால் பதினாறிலேயே போகலாம். அவனோடு ஆடிய ஒரு பையனுக்கு எங்கிருந்தோ ஓர் இத்தாலியக் கொள்ளுத்தாத்தா கிடைத்தார். அவர் பேரைச் சொல்லிப் பாஸ்போர்ட் வாங்கிப் பையன் பறந்துவிட்டான். ஹெக்டரும் நம் குடும்பத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுத் துளைத்தெடுத்தார். எந்தப் பக்கம் தோண்டினாலும் மெக்சிகோதான் வந்தது. வீடே துக்கம் விசாரிப்பதுபோல் இருந்தபோது நான் மட்டும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இன்னும் இரண்டு வருஷம் என் பிள்ளை என் காரில் வருவான் என்ற சந்தோஷம்.

அந்த இரண்டு வருஷமும் ஓடிப்போயிற்று. பதினெட்டு முடிந்த அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு கிளப்புக்குப் போய்விட்டான்.

போன பிறகு வீடியோவில் பேசினோம். பேசினோம் என்று சொல்வது பொய். முகத்தைக் காட்டுவான். "நல்லா இருக்கியாடா?" "ம்." "சாப்பிட்டியா?" "ம்." "கோச் என்ன சொல்றாரு?" "ஒண்ணுமில்ல." எனக்கு எரிச்சல் வரும், போனை வைத்த பிறகு அழுகை வரும். ஹெக்டர் காரை விற்றுவிடலாம் என்றார். அதன் தரையில் இன்னும் அகாடமி மைதானத்தின் செயற்கைப் புல்லிலிருந்து ஷூவில் ஒட்டி வந்த கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் கடுகு கொட்டியதுபோல் கிடக்கின்றன. காரில் கை வைத்தால் உங்களை விற்றுவிடுவேன் என்றேன். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. இந்த ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் அவனுடைய ஏஜென்ட் பிரென்டன் எனக்கே போன் செய்தான்.

"இங்க பாருங்கம்மா, ரெண்டு கதவு திறந்திருக்கு. ஜெர்மனில இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கறோம்னு சொல்றாங்க. ஆனா ரெண்டாவது டீம்லதான். மேல ஏத்துவாங்களா மாட்டாங்களான்னு ஒரு உறுதியும் இல்ல. இன்னொண்ணு, நம்ம டல்லாஸ் பக்கத்துலயே ஒரு கிளப், நேரா முதல் டீம்ல எடம் தர்றாங்க. உங்க வீட்லயே இருந்துக்கலாம். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். உங்க பையன் வாயே திறக்க மாட்டேங்கறான். பெத்தவங்க நீங்க கேளுங்க."

எங்கள் வீட்டிலேயே! அன்று மாலை அவன் கட்டிலின் விரிப்புகளைத் துவைத்துப் போட்டேன். அவனைக் கேட்கவில்லை. போனில் கேட்டால் "ம்" என்பான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விமானம் ஏறிவிட்டேன். ஏறும் முன்பே அங்கே ஒரு வாடகைக் காருக்கும் ஏற்பாடு செய்தேன். அவனைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஓட்டினால் உண்மை தானாக வந்து விழும். வருகிறேன் என்றுதான் அது சொல்லும் என்று எனக்கு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். ரயிலடிக்கு வந்திருந்தான். உயரமாகியிருந்தான், கட்டிப்பிடித்தால் என் தலை அவன் நெஞ்சில் முட்டியது. மஞ்சள் கட்டிடம் ஒன்றில் மாடியில் சின்ன வீடு. அவனே பாஸ்தா செய்து வைத்திருந்தான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சீசன் முடிந்து பயிற்சி இல்லாத நாட்கள், நிறைய நேரம் இருந்தது. பேச்சுத்தான் இல்லை.

"உப்பு போதுமா?"

"போதும்டா."

இதற்காகவா ஒரு கடலைத் தாண்டி வந்தேன் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை அவனோடு தெருமுனையில் இருந்த பேக்கரிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கல்லாவில் நின்ற, என் வயதிருக்கும் பெண்ணைப் பார்த்து இவன் ஜெர்மன் மொழியில் என்னவோ சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். இவன் கையை ஆட்டி, முகத்தைக் கோணி, யாரையோ நடித்துக் காட்டினான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்ற கிழவர் குறுக்கே ஏதோ சொல்ல, அவருக்கும் ஒரு பதில் கொடுத்தான். இவன் கேட்காமலேயே அவள் ஒரு குறிப்பிட்ட பன்னை எடுத்துப் பையில் போட்டாள். முகத்துக்கு நேராக, பகல் வெளிச்சத்தில், என் பிள்ளை பேசுகிறான்! எனக்கு வயிறு எரிந்தது.

"என்னடா பேசுன?" என்றேன் வெளியே வந்து.

"சும்மாம்மா."

"சும்மாவா? அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குன்னா மட்டும் வாய்ல கொழுக்கட்டையா?"

"அம்மா ஊர்லேர்ந்து பெட்டி நெறைய மிளகாய் கொண்டு வந்திருக்காங்கன்னு சொன்னேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். அதைச் சொல்ல அத்தனை நடிப்பா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, நேரே ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த வாடகைக் கார் அலுவலகத்துக்கு நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான். சாவியை வாங்கி, காரில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் காலடியில் மூன்று பெடல்.

"இது என்னங்க மூணு?"

அலுவலகத்து இளைஞன் பணிவாக, "கியர் வண்டிங்க. கியர் இல்லாத வண்டி வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னிக்கு ஒண்ணுகூட இல்ல" என்றான்.

டெக்சாஸில் நான் ஓட்டிய தூரத்துக்கு உலகத்தையே சுற்றியிருக்கலாம். கியர் வண்டியை என் வாழ்நாளில் தொட்டதில்லை. இருந்தும் விடுவேனா? சாவியைத் திருப்பினேன், காலை எதிலோ வைத்தேன், வேறெதிலிருந்தோ எடுத்தேன். வண்டி கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் துள்ளியது. உள்ளே போய்விட்ட அந்த இளைஞன் அலுவலகக் கண்ணாடி வழியாகத் தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். ரமீரோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"சிரிக்காதடா!"

"சிரிக்கலம்மா. எறங்கு, நான் ஓட்டறேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க லைசென்ஸ் எடுத்துட்டேன். போன வருஷம்."

போன வருஷம்! அதையும் சொல்லவில்லை. அவன் உள்ளே போய்த் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டு வந்தான். "முன்னாடி உக்காரும்மா" என்று கதவைத் திறந்து பிடித்தான். எனக்கு வந்த ரோஷத்துக்கு, "ஒண்ணும் வேணாம். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று பின்கதவைத் திறந்து ஏறி, டப்பென்று சாத்திக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் உருளைக்கிழங்கு வயல்கள், நடுவே காற்றாலைகள். ரேடியோவில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பிடரியைப் பார்த்தேன். முடி வெட்டி நாளாகியிருந்தது. ஒன்பது வயதில் என் பிடரியைப் பார்த்துக்கொண்டு ஒருவன் வந்தானே, அவன் என்னத்தைக் கண்டான் என்று அப்போதுதான் புரிந்தது. முகம் இல்லாத இடத்தில் பயமும் இல்லை.

"இன்னமும் நான் மூணரை ஆனா மேசைய விட்டு எழுந்துடறேன்டா" என்றேன். அதைச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "டாக்டர் கேக்கறாரு, எங்க கெளம்பிட்டீங்கன்னு. கையில சாவி. என்னன்னு சொல்றது?"

ரேடியோவின் சத்தம் குறைந்தது.

"ஒரு நாள் நெஜமாவே போயிட்டேன். அகாடமி வரைக்கும். வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். காவல்காரர் வந்து, உங்க பிள்ளை எந்த வயசு டீம்னு கேட்டாரு. இப்ப யாரும் இல்லீங்கன்னு சொல்லிட்டு, திரும்பி வந்தேன். திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரு சத்தம் இல்ல வண்டில."

அவன் திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. நான் நிறுத்தாமல் பேசினேன். ரப்பர்த் துணுக்குகளைப் பற்றிச் சொன்னேன், குளியலறையில் சிரித்ததைச் சொன்னேன், துவைத்துப் போட்ட விரிப்பைச் சொன்னேன். வாடகைக் காரின் தரை துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது, அது வேறு எனக்கு அழுகையைக் கிளப்பியது.

"வந்துடுடா ராஜா. எனக்கு முடியல. வீட்டுக்கு வந்துடு."

சொல்லிவிட்டேன். இனி அள்ள முடியாது. காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒரு கிராமம் வந்து போனது.

"அம்மா."

"ம்."

"நான் இங்கயே இருக்கப் போறேன்மா."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து. அந்த பேக்கரிக்காரி பன்ன எடுத்துப் போட்டாளே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கண்ணாடியில் அவன் கண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சாலைக்குப் போனது. "ஒரு மாசமா சொல்லணும் சொல்லணும்னு பாக்கறேன். போனத் தூக்கினா பூராவும் ஒன் முகம்தான் இருக்கு. அதப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"ரெண்டாவது டீம்டா. மேல ஏத்துவாங்கன்னு ஒரு உறுதியும் இல்லைங்கறாங்க."

"ஏத்தாமப் போகலாம். ஆனா இன்னும் முடியலம்மா. ஊருக்கு வந்தா எனக்கு ரொம்ப நல்லா இருக்கும். நீ சமைச்சுப் போடுவ, நல்லாத் தூங்குவேன். அதான் பயமா இருக்கு. பாதில எழுந்து வந்துட்டா, காலம் பூரா ஒன்னையும் அப்பாவையும் மனசுக்குள்ள திட்டிட்டே இருப்பேனோன்னு." மூக்கை உறிஞ்சினான். "ராத்திரில நானும் நெனைச்சுக்குவேன். நீ வண்டி ஓட்டறாப்ல. நான் பின்னாடி."

என் பிள்ளை எனக்காகவும் ஏங்கியிருக்கிறான். அது போதும் என்று சொல்லமாட்டேன். போதவில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டது.

வண்டி ஊருக்குத் திரும்பியது. பேக்கரி வந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன். சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. அவன் கட்டிலை இனி என்ன செய்வது, அவன் அப்பாவுக்கு நான் எப்படிச் சொல்வது, அடுத்து எப்போது பார்ப்பேன். எதையும் கேட்கவில்லை. மஞ்சள் கட்டிடம் நெருங்க நெருங்க வண்டியின் வேகம் குறைந்தது. கதவுப் பிடியில் கை வைத்தேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கியரை மாற்றி, வீட்டைத் தாண்டிப் போனான்.