ஆட்டைத் தேடும் விளையாட்டு

மறைக்கல்வி முகாமுக்கு நான் யோசித்து வைத்த விளையாட்டு எளிது. ஒரு பிள்ளை தொலைந்த ஆடாக ஒளியும். மற்றவர்கள் மேய்ப்பர்களாகத் தேடுவார்கள்.

இந்த முறை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முந்திவிட்டது. சண்டை முடிந்ததிலிருந்து, காற்று மாறினால் மாம்புரி மீனவர்கள் குடும்பத்தோடு முல்லைத்தீவுக் கடற்கரை வாடிகளில் தங்கி மீன்பிடிக்கப் போய்விடுவார்கள். போகிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன? முகாமன்று மாதா கோயிலுக்கு வந்தது நிரோஜினி மட்டும்தான்.

“எங்கட லொறியும் இப்ப வரும், டீச்சர். ஒருக்கா விளையாடுவமா? நான்தான் ஆடு.”

“ஓம், ஓடிப் போய் ஒளி,” என்றேன் எரிச்சலோடு.

கண்ணைத் திறந்ததுமே பீடத் துணிக்குக் கீழே அவளுடைய கால்கள் தெரிந்தன. வெளியே லொறி ஹோர்ன் அடித்தது.

நான் வாசல் பக்கமாகப் போய், கடைசி வரிசை வாங்குக்கு அடியிலிருந்து மெதுவாகத் தேடத் தொடங்கினேன்.