ஆறரை கிலோ

பாடையைத் தூக்கி வந்த நால்வரும் மாட்டுத் தராசின் மேல் ஏறி நின்றுவிட்டார்கள். வீட்டிலிருந்து வாசலுக்குப் போக வைத்தியம் பார்க்கும் அறைதான் வழி; அதில் பாதியை அந்த இரும்பு மேடை அடைத்துக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த எண்பலகை சிவப்பாக விழித்து, முந்நூற்று எட்டு என்றது. முப்பது வருடப் பழக்கத்தில் கம்பவுண்டர் காதிலிருந்த பேனாவை உருவிவிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. இதற்கு முதல் ஆளாகச் சிரிக்கக்கூடியவர் மேலே படுத்திருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

மகன் மட்டும் எண்பலகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அந்தத் தராசும் அவனும் கூட்டுக் களவாணிகள்.

நான்கு மாதத்துக்கு முன், நோய் இன்னதென்று தெரிந்ததும் மாட்டு டாக்டரான அப்பா தனக்கொரு விதி வைத்துக்கொண்டார். ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்காதவரை ஊசி போட்டுக்கொள்வது. இறங்கிவிட்டால் ஊசியும் வேண்டாம், அது தரும் வாந்தியும் வேண்டாம், பேசாமல் படுத்திருப்பது. பெரியாஸ்பத்திரித் தராசை அவர் நம்பவில்லை. அது மனுஷர்களை நிறுத்து நிறுத்து அவர்களைப் போலவே பொய் பேசப் பழகிவிட்டதாம். ஆகவே ஞாயிறுதோறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாட்டுத் தராசில் ஏறுவார். விழாமலிருக்க மகன் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வான். பிடித்துக்கொண்டே வலது காலை மேடையின் ஓரத்தில் வைத்து அழுத்துவான். முதலில் ஒரு கிலோ. பிறகு நான்கு.

"உங்கம்மா சமையலையே தாங்கின உடம்புடா இது. ஊசியெல்லாம் எம்மாத்திரம்" என்பார் அப்பா, எண்பலகையைப் பார்த்து. மறுநாள் ஊசி. அடுத்த மூன்று நாளும் வாந்தி. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் மகன்தான்.

இத்தனைக்கும், கன்றுக்குட்டி வாசலைத் தாண்டும்போதே அதன் எடையைச் சொல்லிவிடுகிற கண் அவருக்கு. தராசு வைத்திருந்ததே மாட்டுக்காரர்களின் திருப்திக்கு. கடைசி இரண்டு ஞாயிறும் அவரே வேண்டாமென்று சொல்லிப் படுத்துக்கொண்டார். தெரிந்துதான் போனாரா? இல்லை, அந்த எண்ணை நம்பித்தான் அவ்வளவு வாந்தி எடுத்தாரா? இரண்டில் எது தேவலாம் என்று மகனால் முடிவு செய்ய முடியவில்லை.

வாசலில் கூட்டம் நின்றது. பழக்கதோஷத்தில் சிலர் வரிசையாகவே நின்றார்கள். யாரும் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. மூன்று கால் பூனை வீடு, உதைக்கிற குதிரைக்காரர் என்றுதான் மகனிடம் அறிமுகம் செய்துகொண்டார்கள். கருப்பியின் அம்மா கருப்பியையே கூட்டி வந்திருந்தாள். அந்தக் கிழட்டு நாய் மேடையைக் கண்டதும் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இதைப் பாத்தா 'வாங்க, உக்காருங்க'ம்பாரு. என்னைப் பாத்தா 'நீ அந்தப் பக்கம் தள்ளு'ம்பாரு" என்றாள் அவள். "இனிமே என்னை யாரு தம்பி தள்ளச் சொல்லுவா?"

மகன் நாயைத் தடவிக் கொடுத்தான்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அம்மா உள்ளே படுத்திருந்தாள். கம்பவுண்டர் நோயாளிகளின் அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்து, மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவினார்.

"இது ஐயாவோடது தம்பி. அவரே எழுதி வச்சாரு. உங்ககிட்ட இருக்கட்டும்."

இனம்: மனிதன். வயது: எழுபத்தொன்று. சுபாவம்: இப்போது கடிப்பதில்லை.

கீழே ஞாயிறு ஞாயிறாக, அப்பாவின் கோணல் எழுத்து.

தராசு 53. கண் 52. மகன் கால் 1. ஊசி தொடரவும்.

தராசு 51. கண் 47. மகன் கால் 4. ஊசி தொடரவும்.

கடைசி வரியில் பேனா இரண்டு இடத்தில் சறுக்கியிருந்தது. தராசு 50. கண் 43½. மகன் கால் 6½. இப்படியே நின்றால் பையனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இனி எடை பார்க்க வேண்டாம்.

மகன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலியாக இருந்தது.

"ஸ்விட்சை அணைச்சிடவா தம்பி?" என்றார் கம்பவுண்டர், எண்பலகையைக் காட்டி.

"கொஞ்சம் இருக்கட்டும்ண்ணே."

அவர் பெட்டியை மூடிவிட்டு வெளியே போனார். மகன் மேடைக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் போய் நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை ஓரத்தில் வைத்தான். எண் ஏறி இறங்கித் தடுமாறியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

ஆறரையில் நின்றதும், அப்படியே நின்றுகொண்டிருந்தான்.