ஏச்சு கேட்கிற தூரம்

நான் ஏசுவேன். வன்னியம்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மறைத்துப் பிரயோஜனமில்லை. காலையில் எழுந்ததும் கோழியை ஏசுவேன், பிறகு ஈர விறகை, பிறகு என் வீட்டுக்காரரை. இதில் கோபம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சிலருக்கு வேலை செய்யும்போது பாட்டு வரும், எனக்கு ஏச்சு வரும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் இரண்டரை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணியிருந்தேன். அதை முறித்த கதைதான் இது. முறித்ததில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

என் வீட்டுக்காரர் பேர் ஜெபதுரை. வாயால் சொல்லமாட்டேன், எழுதுவதில் தப்பில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் பினாங்குக்குப் போனார். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்கு ஏறினார். நாற்பத்திரண்டு மாசியில் ஜப்பான்காரன் குண்டு போட்டு அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டான். இங்கே எனக்கு அது தெரியாது. தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அவர் கையை விரிப்பார். உடனே நான் ஆரம்பிப்பேன். "கப்பல் ஏறுன மனுசனுக்குக் கை இல்லாமப் போச்சா, ஒரு கடுதாசி போட?" இல்லாத ஆளை ஒன்றரை வருஷம் நாள் தவறாமல் ஏசினேன்.

நாற்பத்துமூன்று ஆவணியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பல் மூழ்கிவிட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று வாசித்தார். ஊர் திரும்புகிற வழியில் எனக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்தால் கோழி அடுப்படியில் சோற்றுப் பானையைக் கவிழ்த்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

தாலியைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கோயிலுக்குப் போய் உபதேசியார் சத்தியநேசன் முன்னால் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்த மனுசனை உயிரோட கொண்டாந்து சேத்துரும். இனி ஒரு வார்த்தை ஏசமாட்டேன்" என்றேன். உபதேசியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆமென் சொல்ல அவருக்குச் செத்த நேரம் பிடித்தது.

நாற்பத்தாறு தை மாதம், நல்ல மத்தியானம். முற்றத்தில் பருத்தி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கரிக்கட்டையாகக் கறுத்த ஒரு ஆள், பட்டாளத்துக்காரன் கால்சட்டையோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் ரயிலடியிலிருந்து நடந்து வந்து என் முன்னால் நின்றார். "ஏட்டி இன்பம், தண்ணி கொண்டா" என்றார், போன வாரம் சந்தைக்குப் போனவர் போல.

என் வாயில் எம்புட்டு வந்தது தெரியுமா? அத்தனையையும் விழுங்கினேன். "வாங்க" என்றேன். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றுமுதல் எனக்கு வந்த சோதனையை யாரிடம் சொல்ல? ஈரத்துண்டைக் கொண்டுபோய் என் வேதப்புத்தகப் பெட்டிமேல் போடுவார். நான் எடுத்துக் காயப்போடுவேன். கஞ்சியைக் கொட்டுவார், நான் துடைப்பேன். ஒருநாள் ஆட்டை அவிழ்த்து முற்றத்துப் பருத்திக்குள் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். "இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

நாளாக ஆக மனிதர் சுருங்கிப்போனார். "அந்தத் தீவுல..." என்று ஆரம்பிப்பார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். அந்தத் தீவில் யாரை விட்டுவிட்டு வந்தாரோ என்று என் வயிறு எரிந்தது. கேட்டால் கேள்வி ஏச்சாகிவிடும், அதனால் கேட்கவுமில்லை. ராஜபாளையத்தில் மில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார் என்று பிறத்தியார் சொல்லித்தான் தெரிந்தது.

பங்குனியில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்தது. வருஷத்துக்கு ஒருநாள் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அன்று காலையில் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் ஊத்தா இரவல் கேட்டு வந்தாள். ஊத்தா என்பது அடியும் நுனியும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் அழுத்தி, உள்ளே சிக்கின மீனைக் கைவிட்டு எடுப்பார்கள்.

"தம்பி, நீங்க தீவுல இருந்து கடல்லயே மீன் பிடிச்சவுக. இன்னைக்கு விரால் பூராவும் ஒங்களுக்குத்தான்" என்றாள் கருத்தம்மாள்.

"எங்க மதினி. அங்க என்னை வள்ளத்துல ஏத்தவே மாட்டாக."

"ஏன்?"

அவர் சிரித்தார். ஊருக்கு வந்து முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றேன்.

அவர் கரையொதுங்கின தீவில் முப்பது வீடுதானாம். எல்லாம் தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டினவை. வள்ளத்துக்கு ஓர் ஆணிகூடக் கிடையாது, தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்களாம். குடிதண்ணீருக்குப் பெண்கள் அடுத்த தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போய் மூங்கில் குழாயில் பிடித்து வரவேண்டும். மக்காச்சோளக் கஞ்சியும் கருவாடும்தான் சாப்பாடு. ஜப்பான்காரன் வந்து சோளத்தை அள்ளிக்கொண்டு போனபிறகு காட்டுக்கிழங்கு. துணி தீர்ந்துபோய் மரப்பட்டையை இடித்துக் கட்டினார்களாம். அந்த நிலைமையில், பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து வந்த, நீந்தக்கூடத் தெரியாத ஒரு அந்நியனுக்குப் பங்கு ஒதுக்கி நாலு வருஷம் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். அடுப்படியில் நின்றபடி அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அங்க ஒரு வழக்கம் மதினி" என்றார். "புருசன் கடல்ல நிக்கையில பொண்டாட்டி வீட்டுல யாரையும் ஏசக் கூடாது. ஏசுனா இங்க வலை கிழியும். அம்புட்டு நம்பிக்கை. என்னை மொத நாள் கூட்டிட்டுப் போனாக, ஒத்த மீன் விழல. மறுநா வலை கிழிஞ்சுது. மூணாம் நாள் வள்ளம் ஒழுகிச்சு. வள்ளத்துக்குப் பெரியவர் தொமேன்னு ஒருத்தர். அவிய என்னைப் பாத்து, ஒம் பொண்டாட்டி இப்ப என்ன செய்வான்னு கேட்டாக. பொய் சொல்ல வாய் வரல. ஏசிக்கிட்டு இருப்பான்னேன்."

"ஆத்தாடி, பொறவு?"

"எம்புட்டு தூரத்துல இருக்கான்னாக. கப்பல்ல பதினஞ்சு நாள்னேன். கிழிஞ்ச வலையைத் தூக்கிப் பாத்தாக. அம்புட்டு தூரத்துல இருந்தா இந்தக் கிழி கிழிக்கான்னு கேட்டாக."

கருத்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றோடு அவரைக் கரையில் இறக்கி, மீன் காயப்போடுகிற வேலைக்கு விட்டார்களாம். அப்படியும் வலை கிழிந்தால் 'இன்பம்' என்பார்களாம். பானை உடைந்தால் 'இன்பம்'. குழந்தை கீழே விழுந்து அழுதால்கூட 'இன்பம்'. கண்ணால் பார்க்காத ஒரு தேசத்தில் என் மானம் கப்பலேறியிருக்கிறது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"நாப்பத்துமூணுல, ஆவணி புரட்டாசி இருக்கும். திடீர்னு மீன் விழ ஆரம்பிச்சுது. ஒரு மாசம் வலையே கிழியல. ஊரே ஆடுது, பாடுது. தொமே மட்டும் எம்பக்கத்துல வந்து ஒக்காந்தாக. ஒம் வீட்டுல சத்தம் நின்னுபோச்சு தம்பி, நீ செத்துட்டன்னு அவ முடிவு பண்ணிட்டா, மீன் கெடக்கட்டும், நீ வீட்டுக்குப் போன்னாக. எங்க போக? சண்டை முடியணும்ல. முடிஞ்சதும் வெள்ளைக்காரன் கப்பல் தூரத்துல ஒரு தீவுக்கு வந்திருக்குன்னு கேள்விப்பட்டு, ரெண்டு நாள் அவியளே துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் ஏத்திவிட்டாக. போய் அவளை மறுபடியும் ஏச வையி, எங்க வலை கிழிஞ்சாலும் பரவால்லன்னு சொன்னாக."

ஆவணியில்தானே கடிதம் வந்தது. ஆவணியில்தானே நான் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"வந்து ரெண்டு மாசம் ஆச்சு மதினி. துண்டைப் போட்டுப் பாத்தேன், கஞ்சியைக் கொட்டிப் பாத்தேன், ஆட்டையும் விட்டுப் பாத்தேன். வாங்க, சாப்பிடுங்க, இருக்கட்டும். விருந்தாளிக்குச் சொல்லுத மாதிரி. அவளுக்கு நான் செத்தவன் செத்தவன்தான். நாளைக்கு ராஜபாளையம் போறேன். மில்லுப் பக்கமே தங்கிக்கிடுவேன்."

ஆண்டவரே, கொடுத்ததை நீரே திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீரா? பொருத்தனைக்குப் பதிலாக ஒரு கோழி தருகிறேன். சரி, இரண்டு கோழி. இதைச் சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.

"ஏ மனுசா, எங்க போவீரு? மில்லுக்கா? ரெண்டு மாசமா ஈரத்துண்டைப் போட்டு வேதப்பெட்டி ஊறிக் கெடக்கு. கொட்டுன கஞ்சியைத் துடைச்சுத் துடைச்சு என் கை தேஞ்சுபோச்சு. நீந்தத் தெரியாத ஆளுக்குக் கப்பல் ஒரு கேடா? மரப்பட்டையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்து ஊர் ஊரா என் மானத்தை வாங்கிட்டு, இப்ப மில்லுக்குப் போறாராம். நீரு செத்தீருன்னு கடுதாசி வந்த அன்னைக்கு நான் செத்த சாவு உமக்குத் தெரியுமா? தாலியைக் கழத்துன்னாக. கழத்துனேனா? இந்த வாயை ஆண்டவர்கிட்ட அடகு வச்சுல்லா உம்மைத் திருப்பிக் கொண்டாந்தேன். அது தெரியாம, இவ கைவிட்டுட்டான்னு பக்கத்து வீட்டுல ஒப்பாரி வைக்கீரே, உமக்கு மண்டையில என்ன இருக்கு, களிமண்ணா?"

மூச்சு வாங்க நிறுத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் காதுவரைக்கும் போயிருந்தது.

"பருத்தியை விட்டுட்டியே ஏட்டி" என்றார். "ஆடு தின்னுச்சே."

"அதுக்குத்தான் வாரேன்" என்றேன்.

கண்மாய்க்குப் போகும்வரை அந்தப் பருத்தியைப் பற்றித்தான் பேசினேன். அவர் ஊத்தாவோடு தண்ணீரில் இறங்கினார். நான் கரையில் நின்று, எங்கே அழுத்த வேண்டும், எங்கே கூடாது, எத்தனை தரம் சொல்வது என்று ஏசினேன். ஊர்ச்சனம் மீனைப் பிடிப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. உபதேசியார் ஒரு கெண்டையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். "ஐயா, பொருத்தனை முறிஞ்சுபோச்சு" என்றேன்.

"அது நிக்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். "ஆண்டவருக்குத் தெரியாம இருக்குமா?"

அரைக்கால்சட்டைப் பயல்கள்கூடத் துண்டை விரித்து அயிரை அள்ளினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இடுப்புவரை சேற்றோடு கரைக்கு வந்தார். வெறும் ஊத்தாவைத் தலைக்குமேல் தூக்கி ஊருக்கே காட்டினார். "ஒண்ணுகூட விழல" என்றார். வெறுங்கையோடு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

"தொமேக்கு இந்நேரம் வலை கிழிஞ்சிருக்கும்" என்றார். "நான் வந்து சேந்துட்டேன்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் கிழக்கே பார்த்தேன். கரைக்கு அப்பால் எங்கள் ஊர்ப் பனைகள்தான் தெரிந்தன. அந்தப் பெரியவர் மனசு கோணாமல், எனக்கு எட்டின மட்டும் உரக்க, சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வந்தால் நடக்கிறது வேறு என்று ஏசினேன்.

கருத்தம்மாள் கொடுத்த இரண்டு கெளுத்தியைத்தான் அன்று குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. அதற்கும் அவரைத்தான் ஏசினேன்.